குடியை விட்டவர்களுக்குத் தங்கும் இல்லம் தொடங்குகிறீர்களா? வேலூர்ப் பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

பழைய வட ஆற்காடு இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கிறது. குடியை நிறுத்த வைக்கிற இடங்கள் இந்தப் பக்கத்தில் ஓரளவு இருக்கின்றன. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம், இவை தவிர தனியார் சென்டர்கள். நிறுத்திய பிறகு என்ன என்பதில்தான் ஓட்டை. சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்பினால் அதே தெரு, அதே கூட்டாளி, அதே சனிக்கிழமைக் கூலி. அதனால் மூன்று மாதமோ ஆறு மாதமோ குடிக்காதவர்களோடு சேர்ந்து தங்கி, வேலைக்கும் போய்க்கொண்டு, ராத்திரி தெளிவாக வந்து படுக்க ஒரு வீடு தேவைப்படுகிறது. அப்படி ஒரு வீட்டை நடத்தலாம் என்று நினைக்கிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே ஒரு விஷயம். இந்த வேலையில் பணம் கட்டுகிறவர் ஒருவர், தங்குகிறவர் வேறொருவர். மனைவி கட்டுவார், அண்ணன் கட்டுவார், சில நேரம் முதலாளி கட்டுவார். நாளடைவில் கட்டுகிறவர் சொல்வதுதான் சட்டம் என்று ஆகிவிடும், “வெளியே விடாதீங்க சார், நான் சொல்ற வரைக்கும் வெச்சிருங்க” என்று போன் வரும், நீங்களும் சரி என்று சொல்லிவிடுவீர்கள். இந்தத் துறையில் நடக்கிற கொடுமைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு ‘சரி’யில்தான் தொடங்குகின்றன. கீழே வருகிற எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எந்த மாதிரி வீடு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் இந்த மாதிரி இல்லங்களை நான்கு படியாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் தங்குகிறவர்களே வாடகையைப் பகிர்ந்துகொண்டு தாங்களே நடத்துவார்கள், நான்காம் படியில் மருத்துவச் சிகிச்சையும் அதே கூரைக்குக் கீழே நடக்கும், நடுவில் இருக்கிற இரண்டிலும் சம்பளத்துக்கு ஒரு மேலாளர் இருப்பார். புதிதாக வருகிறவர்கள் இரண்டாவது படியோடு நிறுத்திக்கொள்வது நல்லது: ஒரு மேலாளர், எழுதி வைத்த விதிகள், சிகிச்சைக்கு வெளியே மருத்துவமனை. ஊசி போடுவது, டிரிப்ஸ் ஏற்றுவது, தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பது எதுவும் உங்கள் வேலை கிடையாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் போர்டு மாட்டாதீர்கள். மது, போதைப் பொருள் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளையும் அந்தச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. மறுவாழ்வுக்காக ஆட்களைத் தங்க வைக்கிற இடம் எந்தப் பெயரில் இருந்தாலும் அதன் வரம்புக்குள் வரலாம். ‘ஹாஸ்டல்’ என்றும் ‘ஆசிரமம்’ என்றும் பெயர் வைத்துத் தப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் இல்லத்தில் என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி, மாநில மனநல ஆணையத்திடம் கொடுத்து, பதிவு தேவையா என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைகளில் அது 5 லட்சம் வரை போகும். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம், ஆனால் பதிவில்லாத இடத்தில் ஒருவர் இறந்துபோனால் நீங்கள் யாருக்கும் பதில் சொல்ல முடியாது.

பெண்களுக்கான இல்லம் என்றால் விஷயம் வேறு. தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும். ஆண்களும் பெண்களும் ஒரே வீட்டில், மாடி கீழ் என்று பிரித்து, என்பதெல்லாம் வேண்டாம். 18 வயது ஆகாத பையனை அப்பாவே கூட்டி வந்தாலும் சேர்க்காதீர்கள், அவனை மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

வீடு பார்ப்பது

வாடகை குறைவு என்று பகலில் போய்ப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது, அதனால் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் கடை இருக்கிறதா, கடை தூரத்தில் இருந்தாலும் காலி மனையில் உட்கார்ந்து குடிக்கிறார்களா என்பது அப்போதுதான் தெரியும். சத்துவாச்சாரி, காட்பாடி மாதிரி இடங்களில் வாடகை கொஞ்சம் கூடும், ஆனால் வேலைக்குப் போய் வர வண்டி கிடைக்கும், ஆஸ்பத்திரியும் பக்கம். ஊருக்கு வெளியே மாந்தோப்பு நடுவில் அமைதியான வீடு என்று ஆசைப்பட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு வலிப்பு வரும்போது 108 வண்டிக்கு வழி சொல்லவே அரை மணி நேரம் ஆகிவிடும்.

வீட்டுக்குள் எதைப் பார்க்க வேண்டும்? தோட்டத்து வீடாக இருந்தால் கிணற்றுக்குக் கம்பி வலை, மொட்டை மாடிக்கு மார்பளவு கைப்பிடிச் சுவர். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன பூச்சி மருந்து, எலி மருந்து எங்கேயாவது பரணில் இருக்கும், முதல் நாளே தேடி எடுத்து அப்புறப்படுத்துங்கள். குடியை விட்ட முதல் சில வாரங்களில் மனச்சோர்வு கடுமையாக வரும், தற்கொலை எண்ணமும் வரும். அப்போது கைக்கு எட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பது பெரிய விஷயம்.

தீ விபத்துக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் கருகி இறந்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள், அவர்களால் ஓட முடியவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ இடங்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு இரும்புக் கிரில்லை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கப் போகிறார்கள். உங்கள் வீட்டில் வாசல் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் போதும், தங்குகிறவர் யாராக இருந்தாலும் சாவி தேடாமல் திறக்க முடிய வேண்டும். இரண்டாவது வழி ஒன்றும் வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரி, அதன் மேல் பழைய பேப்பர் கட்டு, பக்கத்தில் காலி அட்டைப் பெட்டிகள் என்று நம் வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கிறோமே, தீப்பிடித்தால் இறங்கி வருகிற ஒரே வழியும் அதுதான், இன்றே காலி செய்யுங்கள். சமையலுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர், அதுவும் வெளியே வைத்துக் குழாய் வழியாக. படுக்கையில் பீடி பிடிக்க விடாதீர்கள், அதற்கு வெளியே ஓர் இடமும் மணல் வாளியும் ஒதுக்குங்கள்.

வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை வைகாசியில் இங்கே 40 டிகிரி தாண்டும், மொட்டை மாடியில் சீட் போட்ட அறையில் ஆட்களைப் படுக்க வைப்பது தண்டனை கொடுப்பதற்குச் சமம்.

சேர்க்கும் நாள்

இதில்தான் உயிர் போகிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். வருகிறவரிடம் பெயர், ஊர் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டியது, “கடைசியாக எப்போது குடித்தீர்கள்?” தினமும் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்குப் புத்தி தடுமாறும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் இறந்துபோகலாம். இதைப் பேய் என்றும் நடிப்பு என்றும் நினைத்து அறையில் தள்ளிப் பூட்டிய இடங்கள் உண்டு.

வந்தவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்துப் பாருங்கள். இரண்டு கையாலும் பிடித்தும் டீ தளும்பிச் சட்டையில் சிந்துகிறது, நெற்றியில் வியர்வை, கண் ஓரிடத்தில் நிற்கவில்லை என்றால் அவர் உங்கள் வீட்டுக்கு வர வேண்டியவர் இல்லை, மருத்துவமனைக்குப் போக வேண்டியவர். நடுக்கமே இல்லை என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள், காலையில் ஒரு கட்டிங் போட்டுவிட்டு வந்திருப்பார். நான் சொல்லும் விதி எளிமையானது: தினமும் குடித்தவர், நிறுத்தி ஒரு வாரம் ஆகவில்லை, மருத்துவர் பார்க்கவில்லை என்றால் சேர்க்கை கிடையாது. அடுக்கம்பாறைக்கோ பாகாயத்துக்கோ அனுப்பி, முடித்துக்கொண்டு சீட்டோடு வரச் சொல்லுங்கள். முன்பே வலிப்பு வந்தவர், சர்க்கரை நோயாளி, மஞ்சள் காமாலை பட்டவர் என்றால் இன்னும் கண்டிப்பாக.

தெரு முனை கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டோம் என்று உறவினர்கள் சொல்வார்கள். நீண்ட நாள் குடித்தவருக்கு உடம்பில் தயமின், அதாவது பி1 வைட்டமின், வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. உங்களிடம் சிகிச்சை இல்லாவிட்டாலும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் கேட்கவாவது உதவும்.

மாத்திரைப் பழக்கம் உள்ளவர்களும் வருவார்கள், டேபென்டடால் மாதிரி வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள். எந்தப் போதை, எவ்வளவு நாள் என்பதை அவமானப்படுத்தாமல் தனியாகக் கேளுங்கள். அண்ணன் எதிரில் கேட்டால் உண்மை வராது.

அப்புறம் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. குடிப்பவர்களிடையே காசநோய் அதிகம், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் ஒருவருக்கு இருந்தால் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

சம்மதம்

“நீங்க அட்ரஸ் மட்டும் கொடுங்க, நாலு பசங்க வண்டியில வந்து தூக்கிட்டு வந்துடுவாங்க.” இப்படி ஒரு சேவை இருப்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். குடும்பம் ஏன் இதற்கு ஒத்துக்கொள்கிறது என்பதும் புரிகிறது, அடி வாங்கி அடி வாங்கி அலுத்துப் போன மனைவியிடம் போய்ச் சட்டம் பேச எனக்கும் வாய் வராது. ஆனாலும் இதை நீங்கள் செய்யக் கூடாது. தூக்கி வரப்பட்டவர் முதல் வாரம் முழுக்க உங்கள் மேல் உள்ள கோபத்தில் இருப்பார், அடுத்த வாரம் எப்படித் தப்புவது என்று யோசிப்பார், குடியைப் பற்றி யோசிக்க நேரமே இருக்காது. குடும்பத்துக்கு உதவ வேண்டும் என்றால் 14446 என்ற போதை மீட்பு இலவச எண்ணையும், 14416 என்ற மனநல உதவி எண்ணையும் கொடுங்கள். வீட்டில் அடி உதை என்றால் 181. குடிக்கிறவருக்கே புத்தி தடுமாறி, தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருந்தால் அதற்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது, அதை மருத்துவமனையும் மனநல மருத்துவரும் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் இல்லத்தில் சேருகிறவர் தானே படித்து, படிக்கத் தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமிருந்து உருது பேசுகிறவர்கள் வருவார்கள், சித்தூர்ப் பக்கமிருந்து தெலுங்குக்காரர்கள் வருவார்கள், அவர்கள் மொழியில் விளக்க ஆள் வையுங்கள். போகிறேன் என்றால் போகலாம் என்பது அந்தத் தாளில் தெளிவாக இருக்க வேண்டும். தானாக வந்து சேர்ந்தவரை, குறிப்பிட்ட சில காரணங்களுக்காக, மனநல வல்லுநர் மட்டுமே 24 மணி நேரம் வரை நிறுத்திவைத்து மதிப்பிடலாம். இல்லம் நடத்துகிறவருக்கு அந்த அதிகாரம் இல்லை. போகிறேன் என்று ஒருவர் பையைத் தூக்கினால் உட்கார வைத்துப் பேசுங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், பெரும்பாலும் பசி அடங்கினால் கோபமும் அடங்கும். அதற்கு மேல் வாசலில் குறுக்கே நிற்காதீர்கள்.

அடிப்பது, பட்டினி போடுவது, சங்கிலி, இவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம், எல்லாமே குற்றம். பலருக்குத் தெரியாதது, வந்த அன்றே மொட்டை அடிப்பதும் சீருடை மாதிரி ஒரே டிராயரை மாட்டிவிடுவதும் மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்கு எதிரானவை. கட்டாய வேலையும் அப்படியே. முறை வைத்துச் சமைப்பது, கூட்டுவது சரி, அது எல்லோரும் சேர்ந்து வாழும் வீட்டு வேலை. உங்கள் மச்சான் நிலத்தில் கடலை பிடுங்க அழைத்துப் போவது கொத்தடிமை வேலை.

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்), அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டம், பலருக்கு உண்மையிலேயே உதவுகிறது. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரோடொருவர் பேசித் தொடங்கியது, இன்று வரை கட்டணம் கிடையாது. கூட்டிப் போங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். பிரார்த்தனைக்கும் இதே பேச்சு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவரும், ஞாயிறு சர்ச்சுக்குப் போகிறவரும், எதற்கும் போகாதவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். சாதி கேட்காதீர்கள், யாருக்குத் தனித் தட்டு, யார் பக்கத்தில் யார் படுக்கை என்பதில் அது நுழைந்தால் அன்றே நிறுத்துங்கள்.

மாத்திரையும் மற்ற திரவங்களும்

ஒரு பூட்டுள்ள அலமாரி, ஒரு நோட்டு. மருத்துவர் எழுதிய மாத்திரையை அவரவர் தானே எடுத்துப் போட்டுக் கையெழுத்து வைக்கட்டும். பத்து வருடம் குடிக்காத ஒரு பெரியவர் வீட்டில் இருப்பார், “மாத்திரையும் ஒரு போதைதாம்பா, நிறுத்து” என்று புதுப் பையனுக்கு அறிவுரை சொல்வார். வலிப்பு மாத்திரையும் மனநோய் மாத்திரையும் இப்படித்தான் நிற்கின்றன. முதல் வீட்டுக் கூட்டத்திலேயே இதைத் தடை செய்யுங்கள்.

டைசல்பிரம் என்றொரு மாத்திரை உண்டு, அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதைப் பொடித்துச் சாம்பாரில் கலந்து கொடுங்கள் என்று கேட்கிற மாமியார்கள் இருக்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் கொடுப்பது விஷம் வைப்பது போன்றதுதான், முடியாது என்று சொல்லுங்கள். தெரிந்தே சாப்பிடுகிறவரும் கை கழுவும் சானிடைசர், சில இருமல் மருந்துகள், தசமூலாரிஷ்டம் மாதிரி அரிஷ்டங்கள் ஆகியவற்றில் கவனமாக இருக்க வேண்டும், எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறது. இந்தச் சாமான்களோடு, முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் வைட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் இரண்டையும் சேர்த்து வாசலில் பட்டியல் ஒட்டி வையுங்கள். பையைச் சோதிப்பது அவர் எதிரில், அவர் கையாலேயே திறந்து.

பணம்

மாதக் கட்டணம் எவ்வளவு, அதில் எது அடங்கும், முன்பணம் எப்போது திரும்பும், எல்லாம் ஒரே தாளில், ரசீதோடு. ஏடிஎம் கார்டு, அசல் ஆதார், செல்போன் ஆகியவற்றைப் பிடித்து வைக்காதீர்கள். சம்பள நாளில் கையில் பணம் இருந்தால் பயமாக இருக்கிறது என்று அவரே கேட்டால், கணக்கு எழுதி, இரண்டு கையெழுத்தோடு வாங்கி வைக்கலாம், கேட்ட அன்று திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கமிஷன் ஒரு புற்று. ஆள் அனுப்பினால் இவ்வளவு என்று ஆட்டோக்காரரிடமோ, ஆஸ்பத்திரி ஊழியரிடமோ, இன்னொரு சென்டரிடமோ பேசிக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில், முக்கியமாக புளோரிடாவில், காப்பீட்டுப் பணத்துக்காக ஆட்களை இல்லத்துக்கு இல்லம் மாற்றி விற்ற கதை பெரிதாகி, 2018இல் மத்திய அரசே இந்தக் கமிஷனைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. ஆள் திரும்பத் திரும்பக் குடித்தால்தான் லாபம் என்கிற நிலை வந்துவிட்டால் அப்புறம் அது இல்லமாக இருக்காது.

விளம்பரத்துக்கு ‘முன்பு, இப்போது’ போட்டோ போடுவது, கூட்டத்தில் அழுகிறவரை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விடுவது, கையெழுத்து வாங்கியிருந்தாலும் வேண்டாம். அவருக்கு நாளைக்கு ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கேட்க வேண்டியிருக்கும், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டியிருக்கும்.

மறுபடி குடித்துவிட்டு வந்தால்

வருவார், சந்தேகமே வேண்டாம். எருது விடும் விழா சீசன், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, தீபாவளி, சொந்தக்காரர் சாவு, இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்த அல்லது எதிர்பார்க்கக்கூடிய நாட்கள். ஊருக்குப் போகிறவரோடு இன்னொருவரைத் துணைக்கு அனுப்புவது, ராத்திரி தங்காமல் திரும்புவது என்று பேசி வையுங்கள்.

1975இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆக்ஸ்போர்டு ஹவுஸ் என்ற இல்லங்களில் குடித்தவர் வெளியேற வேண்டும் என்பது மாறாத விதி. மற்றவர்களின் தெளிவைக் காப்பாற்ற அது தேவை என்று நானும் நினைக்கிறேன். ஆனால் எப்போது வெளியேற்றுவது என்பதில் அவசரம் கூடாது. ராத்திரி பதினொரு மணிக்குப் போதையில் இருக்கிறவரை பெங்களூரு நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டால் லாரி அடித்துச் சாவார். அன்று ராத்திரி ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து, வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் 108. காலையில் தெளிந்த பிறகு பேசி, மருத்துவமனையா, வீடா, இன்னொரு வாய்ப்பா என்று முடிவு செய்யுங்கள். இந்த முறையைச் சேரும் நாளிலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு நியாயம் கூடாது. நன்றாகப் பணம் கட்டுகிறவருக்கு மூன்றாவது வாய்ப்பும், பாக்கி வைத்தவருக்கு முதல் நாளே வெளியேற்றமும் நடந்தால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஊதச் சொல்லும் கருவி, சிறுநீர்ச் சோதனைப் பட்டை இரண்டையும் முன் சம்மதத்தோடு பயன்படுத்தலாம். பட்டை சில நேரம் தப்பாகக் காட்டும், அதை மட்டும் வைத்து யாரையும் வெளியே அனுப்பாதீர்கள்.

மேலாளராகக் குடியை விட்டவரையே வைப்பது நல்லது, விட்டு இரண்டு வருடமாவது ஆகியிருக்கட்டும். அவருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்துச் சறுக்குவது அவராகத்தான் இருக்கும். போலீஸ் சரிபார்ப்பும் முதலுதவிப் பயிற்சியும் இல்லாமல் யாரையும் ராத்திரிப் பொறுப்பில் விடாதீர்கள். மேலாளர் மேலேயே புகார் சொல்ல வேண்டுமென்றால் எங்கே சொல்வது? இல்லத்தோடு பண உறவு இல்லாத ஒருவரின் எண் சுவரில் இருக்க வேண்டும்.

அனுப்பும் நாள்

மாத்திரைச் சீட்டு, அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி, பக்கத்தில் ஏஏ கூட்டம் நடக்கும் இடம், கூப்பிட ஓர் எண், இவற்றைக் கையில் கொடுங்கள். வலி மாத்திரையோ ஹெராயினோ பழகியவரிடம் ஒன்றை நேராகவே சொல்லிவிடுங்கள்: இத்தனை நாள் விட்டிருந்ததால் உடம்பு பழைய அளவைத் தாங்காது, பழைய அளவை ஒரு தடவை போட்டாலே மூச்சு நின்றுவிடலாம். சொன்னால் போதையை ஞாபகப்படுத்தியது மாதிரி ஆகிவிடுமோ என்று தயங்காதீர்கள், அவருக்கு அது ஞாபகத்தில்தான் இருக்கிறது.

முன்பணத்தை அன்றே திருப்புங்கள். அண்ணன் கட்டியிருந்தால் அண்ணன் கணக்குக்கு அனுப்பி, ரசீது நகல் ஒன்றைத் தம்பியிடம் கொடுங்கள். அவரே கட்டியிருந்தால் அது அவர் பணம், அவரிடம்தான் போக வேண்டும். மொத்தமாகக் கையில் வேண்டுமா, வங்கிக் கணக்கில் போடலாமா என்று மட்டும் கேளுங்கள். கணக்கில் போடச் சொல்கிறவர்கள்தான் அதிகம்.